முழங்கால் தேய்மானம்: முடக்கத்தான், சுக்கு, மஞ்சள் – அளவும் பக்குவமும் சொல்லுங்கள்

பொள்ளாச்சி_மகள்

வணக்கம். அம்மாவுக்கு 63 வயது. இரண்டு முழங்காலும் வலி, வலது பக்கம் கூடுதல். எக்ஸ்ரே பார்த்துவிட்டுத் தேய்மானம் என்றார்கள். யூரிக் ஆசிட், ஆர்.ஏ. ஃபேக்டர் (முடக்குவாதம் இருக்கிறதா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனை) இரண்டும் நார்மல். காலையில் எழுந்ததும் பத்து நிமிஷம் கால் மடங்காது, நாலு எட்டு நடந்தால் சரியாகிவிடும். படி இறங்குவதுதான் பெரிய பாடு. சாயங்காலம் ஆனால் இரண்டு கணுக்காலும் வீங்குகிறது.

சாப்பிடும் மாத்திரை: சுகருக்கு மெட்ஃபார்மின் 500 இரண்டு வேளை, பி.பி.க்கு ஆம்லோடிபின் 5, ஆஸ்பிரின் 75. வலி தாங்காத நாளில் பாராசிட்டமால்.

முடக்கத்தான் டீ, சுக்குக் கஷாயம், மஞ்சள் பால் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதை எவ்வளவு போடுவது, எப்படிக் காய்ச்சுவது? இந்த மாத்திரைகளோடு சேர்த்துக் குடிக்கலாமா? பொத்தாம் பொதுவாக இல்லாமல் அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

கஷாயக்கரண்டி

முடக்கத்தானை டீயாகக் குடிப்பதைவிடச் சாப்பாட்டில் சேர்ப்பதுதான் வயிற்றுக்கு ஒத்துவரும். அதற்குப் பேதியாக்கும் குணம் உண்டு. முதல் நாளே இரண்டு கைப்பிடி அரைத்துக் கொடுத்தால் முழங்கால் வலியோடு கழிப்பறைக்கு ஓடுகிற அவஸ்தையும் சேரும்.

தோசைக்கு: புளித்த மாவு நாலு கரண்டிக்கு ஒரு சின்னக் கைப்பிடி இலை, தண்ணீர் அதிகம் விடாமல் மைய அரைத்துக் கலந்து உடனே ஊற்றுங்கள். மாவு புளித்திருந்தால் கசப்பு தெரியாது. கலந்த மாவை மறுநாளைக்கு எடுத்து வைக்க வேண்டாம். வாரம் இரண்டு நாள் போதும்.

ரசத்துக்கு: அதே அளவு இலையை இரண்டு டம்ளர் தண்ணீரில் ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டு வடித்து, அந்தத் தண்ணீரில் வழக்கம்போல் புளி, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு நுரை கட்டியதும் இறக்குங்கள்.

இலையைப் பறிக்கிறீர்கள் என்றால் காயைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மூன்று பட்டையாக, காற்றடைத்த காகிதப் பை போல இருக்கும். உள்ளே மிளகளவு கறுப்பு விதை, அதில் வெள்ளையாக இதய வடிவப் புள்ளி. இந்தப் புள்ளி இல்லையென்றால் விட்டுவிடுங்கள். வேலியோரக் கொடி என்பதால் சாக்கடை ஓரத்திலும், மருந்தடித்த வயல் வரப்பிலும் படர்ந்திருக்கும். அங்கே பறிக்க வேண்டாம்.

சுக்கு: கடையில் வெள்ளை வெளேரென்று இருப்பது சுண்ணாம்பில் புரட்டியது. பழுப்பாக, நார் தெரிகிற மாதிரி உள்ளதை வாங்குங்கள். மேல்தோலைக் கத்தியால் சுரண்டிவிட்டு இடியுங்கள், "சுக்குக்குப் புறமே நஞ்சு" என்பார்கள். ஒருவருக்கு ஒரு வேளைக்கு: சுக்குத்தூள் அரை டீஸ்பூன் (1 கிராம் சுமார்), தட்டிய மல்லி ஒரு டீஸ்பூன், மிளகு நாலு. 300 மில்லி தண்ணீரில் சிறு தீயில் வைத்துப் பாதியாக வற்றியதும் வடிகட்ட வேண்டும். பெருந்தீயில் வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும், சாரம் இறங்காது. எவர்சில்வர் அல்லது மண்பாண்டம் நல்லது, அலுமினியம் வேண்டாம். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு வெதுவெதுப்பாக. அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள், ராத்திரி மிச்சத்தைக் காலையில் சூடு பண்ணிக் கொடுக்கக் கூடாது.

கருப்பட்டி போட்டால் சுகருக்கு ஒன்றும் ஆகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதுவும் சர்க்கரைதான்.

மஞ்சள் பால்: 150 மில்லி பாலுக்கு கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், மிளகு இரண்டு தட்டிப்போட்டு ஐந்து நிமிஷம் கொதிக்க வேண்டும். பச்சை வாடை போகாமல் குடித்தால் குமட்டும்.

மருந்துச்சீட்டு

கஷாயக்கரண்டி சொன்ன அளவில் எனக்கு மறுப்பு இல்லை. அதைத் தாண்டாதீர்கள் என்று மட்டும் சேர்க்கிறேன். அம்மா ஆஸ்பிரின் எடுக்கிறார். சுக்கும் மஞ்சளும் சமையல் அளவில் தொந்தரவு செய்யாது, ஆனால் ஸ்பூன் ஸ்பூனாக ஏறினால் இரத்தம் உறைவதை அவையும் கொஞ்சம் தளர்த்தும். ஆஸ்பிரினோடு சேர்ந்து வயிற்றுப் புண்ணையும் கிளறலாம். மலம் தார் மாதிரி கறுத்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். இதுவே வார்ஃபரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் வீரியமான மாத்திரை) எடுப்பவராக இருந்தால் தினசரிக் கஷாயமே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

மஞ்சளோடு மிளகு சேர்ப்பது பற்றி. மிளகு சேர்த்தால் மஞ்சளின் சத்து உடம்பில் 2000 சதவீதம் கூடுதலாகச் சேரும் என்று எல்லோரும் சொல்லும் கணக்கு 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்விலிருந்து வந்தது. அதில் கொடுத்தது 2 கிராம் குர்குமின் (மஞ்சளின் முக்கியச் சத்து), 20 மில்லிகிராம் பைப்பரின் (மிளகின் காரச் சத்து). இரண்டுமே பிரித்தெடுத்த சாரம். நம் வீட்டு மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். ஒரு முழு டீஸ்பூன் போட்டாலும் 100 மில்லிகிராம் தேறாது. முழங்கால் தேய்மானத்துக்கு நடந்த சோதனைகளில் தினம் 500 முதல் 1500 மில்லிகிராம் வரை குர்குமின் கொடுத்திருக்கிறார்கள். அதனால் மஞ்சள் பாலில் அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. இதமாக இருக்கிறது, தூக்கம் வருகிறது என்றால் குடிக்கட்டும்.

"அப்போ கேப்சூல் வாங்கலாமே" என்று அடுத்த கேள்வி வரும். மிளகுச் சாரம் சேர்த்த மஞ்சள் கேப்சூல்களால் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது பதிவாகியிருக்கிறது. இத்தாலியில் 2019-இல் அரசே எச்சரிக்கை விட்டது. டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு மஞ்சள் அளவு மீறுவதே ஆகாது.

கஷாயப் பட்டியலில் அதிமதுரம் இருந்தால் எடுத்துவிடுங்கள். தொண்டைக்கு இதம்தான், ஆனால் தினமும் போனால் உப்பையும் தண்ணீரையும் உடம்பில் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, பி.பி.யை ஏற்றும். பி.பி. மாத்திரை போடுகிறவருக்கு அது எதிர்வேலை.

முக்கியமான ஒன்று: கணுக்கால் வீக்கம். முழங்கால் தேய்மானத்துக்கு இரண்டு கணுக்காலும் சமமாக வீங்க வேண்டிய அவசியம் இல்லை. ஆம்லோடிபினுக்கே இந்தப் பக்கவிளைவு உண்டு, சாயங்காலம்தான் தெரியும். இருதயம், சிறுநீரகம் காரணமா என்றும் பார்க்க வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் இதை மட்டும் தனியாகச் சொல்லுங்கள், மாற்றிக் கொடுப்பார். இந்த வீக்கத்தை வடிக்கக் கஷாயம் தேடினால் காலம்தான் வீணாகும்.

பொள்ளாச்சி_மகள்

ரொம்ப நன்றி. வீக்கத்துக்கு பி.பி. மாத்திரை காரணமாக இருக்கும் என்று யாருமே சொல்லவில்லை.

இன்னும் இரண்டு. ஒன்று, பக்கத்து வீட்டு அக்கா ஒரு "மூலிகைப் பொடி" கொடுத்திருக்கிறார், பாட்டிலில் லேபிள் எதுவும் இல்லை. மூணே நாளில் வலி பறந்துவிடும் என்கிறார். அம்மா இன்னும் தொடவில்லை. இரண்டு, வெளியே தடவ, ஒத்தடம் கொடுக்க எது நல்லது?

மருந்துச்சீட்டு

தொடாமல் இருப்பது நல்லது, அப்படியே இருக்கட்டும். எந்த மூலிகையும் தேய்மான வலியை மூன்று நாளில் துடைத்துப்போடாது. அப்படித் துடைத்தால் உள்ளே ஸ்டீராய்டு அல்லது வலிமாத்திரையைப் பொடித்துக் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். பசி கூடும், முகம் உப்பும், சுகர் ஏறும், பி.பி. ஏறும். ஏற்கனவே வாரக்கணக்கில் இதைச் சாப்பிடுகிறவர் யாராவது இருந்தால் திடீரென்று நிறுத்தவும் கூடாது. உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதை நிறுத்தியிருக்கும், மயக்கம், வாந்தி, பி.பி. இறங்குவது என்று ஆபத்தாகிவிடும். பொடியோடு டாக்டரிடம் போய்ப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இதை அந்த அக்காவுக்கும் சொல்லுங்கள்.

சித்த மருந்தே வேண்டும் என்றால் அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவிலோ, சென்னைப் பக்கம் வந்தால் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலோ காட்டுங்கள். மாத்திரைச் சீட்டுகளையும் கையில் எடுத்துப் போக வேண்டும்.

நொச்சிக்காடு

ஒத்தடம் என் பங்கு.

முட்டி சூடாக, சிவந்து, பளபளவென்று வீங்கியிருக்கிற நாளில் சூடு வைக்கக் கூடாது. அன்றைக்கு ஈரத்துணியில் ஐஸ் சுற்றிப் பத்து நிமிஷம், அவ்வளவுதான். ஒரே மூட்டு திடீரென்று அப்படி வீங்கி, காய்ச்சலும் இருந்தால் வீட்டு வைத்தியமே வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

வெறும் இறுக்கமும் வலியும் என்றால் சூடு. நொச்சி இலை, ஆமணக்கு இலை, புளிய இலை மூன்றும் ஒவ்வொரு கைப்பிடி. பொடியாக நறுக்கி, ஒரு ஸ்பூன் விளக்கெண்ணெயில் வாணலியில் வதக்கி, இலை சுருண்டு வாசம் வந்ததும் பழைய வேட்டித் துணியில் இரட்டையாக முடிச்சுக் கட்டுங்கள். ஆறினால் தோசைக்கல்லில் வைத்துச் சூடேற்றிக்கொள்ளலாம். மொத்தம் பதினைந்து நிமிஷம். இலை கிடைக்காத ஊரில் கால் கிலோ கல் உப்பை வெறும் சட்டியில் வறுத்து அதே மாதிரி முடியலாம். படபடவென்று தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்து வறுங்கள்.

அம்மாவுக்கு சுகர் இருப்பதால் ஒரு கண்டிஷன்: சூட்டை அவர் கையால், அவர் காலால் பார்க்கக் கூடாது. நரம்பு மரத்திருந்தால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். நீங்கள் உங்கள் முன்கையின் உள்பக்கம் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

தைலம் காய்ச்சினால் நல்லெண்ணெய் 250 மில்லி, முடக்கத்தான் இலை அரைத்துப் பிழிந்த சாறு 250 மில்லி. சிறு தீயில், அடிக்கடி கிளறி. முதலில் பொங்கும், பிறகு சலசலப்பு குறையும். அடியில் தங்குகிற கசண்டை ஒரு துளி எடுத்து விரலில் உருட்டினால் திரியாக உருள வேண்டும். அந்தத் திரியை நெருப்பில் காட்டினால் சடசடவென்று வெடிக்காமல் எரிய வேண்டும். வெடித்தால் ஈரம் இருக்கிறது, இன்னும் காய்ச்சணும். இந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டு இறக்கிவிடுவார்கள், இரண்டு வாரத்தில் எண்ணெய் பூஞ்சை பிடித்து நாறும்.

எருக்கிலையைச் சூடுகாட்டிக் கட்டச் சொல்வார்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பெரிய வம்பு, தோலும் புண்ணாகும். நொச்சி இருக்கும்போது அது எதற்கு? மிளகாய்ப்பொடியை எண்ணெயில் குழைத்துப் பூசுவதும் அப்படித்தான். மிளகாய்ச் சாரம் அளந்து சேர்த்த கேப்சைசின் களிம்பு மருந்துக்கடையில் கிடைக்கும். தினம் மூன்று நாலு முறை, விடாமல் இரண்டு வாரமாவது தடவினால்தான் பலன் தெரியும். புண், வெடிப்பு உள்ள தோலில் வேண்டாம். தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

கஷாயக்கரண்டி

ஒன்று விட்டுப்போச்சு. பிரண்டைத் துவையல் கேட்பார் அம்மா, நிச்சயம். இளசான கணுவாகப் பார்த்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நார் உரித்து, நிறம் மாறும்வரை நல்லெண்ணெயில் வதக்கி, புளி தாராளமாக வைத்து அரைக்க வேண்டும். வதக்கல் பத்தாவிட்டால் தொண்டையெல்லாம் அரிக்கும், அதில் ஆக்ஸலேட் ஊசிகள் உண்டு. சிறுநீரகக் கல் வந்தவருக்குக் கொடுக்காதீர்கள்.

நடைமேடை

கஷாயம், தைலம் எல்லாம் இருக்கட்டும். தேய்மானத்துக்கு உறுதியான பலன் தொடைத் தசைப் பயிற்சியிலும் எடைக் குறைப்பிலும்தான். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, முட்டிக்கு மேல் தசை இறுகுவது கைக்குத் தெரிகிற அளவுக்கு ஐந்து விநாடி பிடித்து மெதுவாக இறக்க வேண்டும். காலுக்குப் பத்து முறை, காலை மாலை. ஒத்தடம் கொடுத்த சூட்டோடு செய்தால் வலி குறைவாகத் தெரியும். பயிற்சிக்குப் பிறகு வலி கூடி மறுநாளும் நீடித்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்த வேண்டாம்.

எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் மேல் விழும் பாரம் சுமார் நாலு கிலோ குறையும். தரையில் சம்மணம், குந்தி உட்கார்ந்து அரிவாள்மணையில் காய் நறுக்குவது, இந்தியன் டாய்லெட் மூன்றையும் மாற்றப் பாருங்கள். படி இறங்கும்போது வலி கூடிய கால் முதலில் கீழே வரட்டும், ஏறும்போது நல்ல கால் முதலில். கைப்பிடி இருக்கிற பக்கமாகவே ஏறி இறங்கச் சொல்லுங்கள்.