ராணுவத்தில் இருந்த நம்மவர் யாராவது இந்த அம்மாவிடம் பேச முடியுமா?

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த ஒரு பையன் ராணுவத்தில் சேர்ந்தே தீருவேன் என்கிறான். அப்பா செம்பனைக் குலை வெட்டக் கிளம்பும் நேரத்திலேயே இவன் செம்மண் சாலையில் ஓட ஆரம்பித்துவிடுவான்.

அம்மாவுக்குத்தான் மனசு வரவில்லை. "வெள்ளிக்கிழமை விரதம் இருக்க முடியுமா? தைப்பூசத்துக்கு லீவு கொடுப்பார்களா? கையில் கட்டிய சாமிக் கயிற்றைக் கழற்றச் சொல்வார்களா?" என்று கேட்கிறார். நியாயமான கேள்விகள்.

ராணுவம் முழுவதும் மலாய்க்காரருக்கு மட்டும் என்று இல்லை, அரச மலாய் படைப்பிரிவில்தான் அப்படி, ரேஞ்சர் படைப்பிரிவு எல்லா இனத்தவருக்கும் உரியது என்று விளக்கினேன். 1967இல் கடற்படைத் தளபதியான முதல் மலேசியரான டான் ஸ்ரீ தனபாலசிங்கம் ஒரு தமிழர் என்றும் சொன்னேன். அரசியலமைப்பின் 132ஆவது விதிப்படி ஆயுதப்படையும் பொதுச் சேவைதான். ஒரே தரத்தில் உள்ள கூட்டரசு ஊழியர்களை இனம் பார்க்காமல் நடத்த வேண்டும் என்கிறது 136ஆவது விதி. எல்லாம் சரி, ஆனால் பாசறையில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த ஒருவர் சொன்னால்தான் அந்தத் தாய் நம்புவார்.

தரைப்படை, கடற்படை, ஆகாயப்படை எதுவானாலும் சரி, பணியில் இருப்பவர்களோ ஓய்வு பெற்றவர்களோ அவரிடம் போனில் பேசுங்கள். சாப்பாடு, சாமி கும்பிடுவது, கூட இருப்பவர்கள் பழகும் விதம், பதவி உயர்வு, பட்ட கஷ்டம் எதையும் மறைக்க வேண்டாம். ஈப்போ, தைப்பிங், லூமுட் பக்கம் இருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்தால் இன்னும் நல்லது. பெண்பிள்ளைகளும் கேட்கக் காத்திருக்கிறார்கள். பெட்ரோல் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இன்பாக்ஸில் எழுதுங்கள்.