புதுப்பிப்பு: ஸ்டாண்டர்டு ஹெரால்டு சேஸிஸ் துரு – சரிசெய்வதா, விடுவதா?

சேஸிஸ் (அடிச்சட்டம்) துருவேறிய பழைய ஹெரால்டு காரைக் காப்பாற்றலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். கூர் சுத்தியலால் தட்டிப் பார்த்தாயிற்று. பின்பக்க அவுட்ரிகர் (சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும் கை) இரண்டிலும் முனை உள்ளேயே இறங்கியது. துரு செதில் செதிலாகக் கொட்டியது. நடுவில் ஓடும் இரண்டு பெட்டித் தண்டுகளோ டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் பற்சக்கரத் தொகுதி) தாங்கி வரை கணீரென்கின்றன. ஆகவே சரிசெய்யலாம். தண்டுகளே உளுத்திருந்தால் வேறு சேஸிஸ்தான் தேட வேண்டும். தண்டுகளில் அளவு பிசகினால் சக்கரம் நேராக ஓடாது.

பாடியைத் தூக்குமுன் கதவுத் திறப்புகளில் குறுக்குக் கம்பி வைத்து வெல்டிங் செய்யணும், இல்லையேல் பிறகு கதவு பொருந்தாது. அவுட்ரிகரை ஒவ்வொன்றாக மட்டும் வெட்டி, 16 கேஜ் (சுமார் 1.6 மி.மீ. தடிமன்) தகட்டில் மாற்றுங்கள். துருவின் மேலேயே ஒட்டுப்போடுவது வேண்டவே வேண்டாம்: பளபளக்கும் இரும்பு வரும்வரை வெட்டணும். கடைசியில் பெட்டித் தண்டுகளுக்குள் துருத்தடுப்பு மெழுகு பீய்ச்சுங்கள், வடிகால் துளையை அடைக்காமல்.