மாடு தானாக விழுந்ததா, மனிதன் விரட்டினானா? எலும்பைப் பார்த்து எப்படிச் சொல்கிறார்கள்?

கவ்வாத்துமலை (பண்டாரவளை):
கனடாவில் ஆதி மனிதர்கள் பைசன் என்ற காட்டெருமைகளைக் கூட்டமாக விரட்டி, செங்குத்திலிருந்து விழவைத்துக் கொன்றார்கள் என்று தரம் 9 படிக்கும் மகள் வாசித்துக் காட்டினாள். எனக்கு ஒன்று பிடிபடவில்லை. எங்கள் தோட்டத்தில் ஐப்பசி மழைக்கு மாடு சறுக்கிப் பள்ளத்தில் விழுவதுண்டு, போன வருஷம் எங்கள் சினைமாடே அப்படிப் போனது, அதை யாரும் விரட்டவில்லை. பிறகெப்படி வெறும் எலும்பை வைத்து வேட்டை என்கிறார்கள்? குதிரையும் துவக்கும் இல்லாமல் அவ்வளவு பெரிய மிருகத்தை எப்படி ஓட்டினார்கள்?

ஹட்டன் டீச்சர்:
சினைமாடு போனது பெரிய இழப்பு அண்ணே. உங்கள் கேள்விக்கு நல்ல பதில் அமெரிக்காவின் கொலராடோவில் இருக்கிறது. ஒல்சன்-சப்பக் என்ற இடம், சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முந்தியது. ஒடுக்கமான ஓடைப்பள்ளம் ஒன்றில் 190 பைசன் அளவுக்கு எலும்புகள். அடியில் நசுங்கிய சில, கழுத்து முறுக்கிக்கொண்டு முழுசாகவே கிடந்தன, ஆட்களுக்குக் கை எட்டியிருக்காது. மேலே கிடந்தவை அப்படியில்லை, மூட்டு மூட்டாகப் பிரித்து, முன்னங்கால் ஒரு பக்கம் முதுகெலும்பு ஒரு பக்கம் என்று குவித்திருந்தார்கள், நடுவே கல் ஈட்டிமுனைகளும் இருந்தன. எனக்கு மறக்கவே முடியாதது நாக்கெலும்பு. அது ஒரே குவியலில் இல்லாமல் எல்லாக் குவியல்களிலும் கலந்து கிடந்தது, அதாவது வெட்டிக்கொண்டே நாக்கைத் தின்றிருக்கிறார்கள்! பிறந்து சில நாளான கன்றுகளின் எலும்பும் இருப்பதாகக் கருதி, கோடையின் தொடக்கம் என்று மாதத்தைக்கூட முதலில் கணித்தார்கள்.

நானுஓயா பையன்:
நான் இப்போது கால்கரியில் இருக்கிறேன். மகள் வாசித்தது இங்கிருந்து தெற்கே உள்ள ஹெட்-ஸ்மாஷ்ட்-இன் பஃபலோ ஜம்ப் என்ற இடமாகத்தான் இருக்கும், போய்ப் பார்த்திருக்கிறேன். கிட்டத்தட்ட 6,000 ஆண்டுகள் பயன்பட்ட இடம், 1981இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தார்கள். செங்குத்து இன்று சுமார் 10 மீட்டர்தான், ஆனால் அதன் அடியில் எலும்பும் மண்ணுமாக அதே அளவு ஆழத்துக்குப் படிந்திருக்கிறது.
பைசனுக்குக் கண் மந்தம், மோப்பம் கூர்மை. அதனால் காற்று தங்கள் பக்கம் வீசும்படி நின்றுகொள்வார்கள். ஒருவர் கன்றுத்தோலைப் போர்த்தி, வழிதவறிய கன்றைப்போலக் கத்தி முன்னே இழுப்பார், ஓநாய்த்தோல் போர்த்தியவர்கள் பின்னாலிருந்து நெருக்குவார்கள். மேய்ச்சல் வெளியிலிருந்து செங்குத்து வரை இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கற்குவியல்கள் கிலோமீட்டர் கணக்கில் போகின்றன. பாதி புல்லுக்குள் புதைந்த கற்கள், தெரியாதவர் காலால் தட்டிவிட்டுப் போய்விடுவார். அப்புறம் ஹோட்டன் சமவெளியில் உலக முடிவுக்கு நடந்திருப்பீர்களே, பக்கத்தில் போகும்வரை பள்ளம் தெரியாது, இங்கேயும் அப்படித்தான். முன்னே ஓடுகிற மாடு கண்டு நிற்கப் பார்த்தாலும் பின்னால் வருகிற கூட்டம் தள்ளிவிடும்.

கவ்வாத்துமலை:
மிக்க நன்றி, மகளுக்கும் வாசித்துக் காட்டினேன். இன்னொன்று. போன மாதம் கவ்வாத்து வெட்டிய மலையில் நகத்தளவு வெள்ளைக் கல் சில்லுகள் கிடைத்தன, ஓரம் பிளேடு மாதிரி. மகள் நாலைந்தைப் பொறுக்கி வைத்திருக்கிறாள்.

ஹட்டன் டீச்சர்:
இனிமேல் ஒன்றைக்கூட எடுக்க விடாதீர்கள் அண்ணே. பண்டாரவளைப் பக்கம் ஆதி மக்கள் படிகக்கல்லில் செய்த நுண்கருவிகளுக்கு, அதாவது மிகச் சிறிய கல் ஆயுதங்களுக்கு, பெயர்போனது, மகள் எடுத்ததும் அப்படி இருக்கலாம். நம் ஆதி மக்கள் குருவிட்ட பட்டதொம்பலென போன்ற குகைகளில் வாழ்ந்து குரங்கையும் அணிலையும் வேட்டையாடியவர்கள்.
ஏன் எடுக்கக்கூடாது என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஜார்ஜ் மெக்ஜங்கின் என்று ஒரு மாட்டுக்காரர், அடிமையாகப் பிறந்தவர். 1908 வெள்ளத்துக்குப் பிறகு, அரித்துப்போன ஓடைக்கரையில் பெரிய எலும்புகளைக் கண்டவர் அவர்தான். 1922இல் இறந்துவிட்டார், அங்கே தோண்டத் தொடங்கியது 1926இல். அடுத்த வருஷம் பைசன் விலா எலும்புகளுக்கு நடுவே ஈட்டிமுனை ஒன்று தெரிந்தது. அதைப் பிடுங்காமல் அப்படியே விட்டு, மற்ற அறிஞர்களை வரவழைத்துக் காட்டினார்கள், அதனால்தான் அவ்வளவு பழங்காலத்திலேயே அங்கே மனிதர்கள் வேட்டையாடினார்கள் என்று உலகம் நம்பியது. கையில் எடுத்து வந்திருந்தால் அது வெறும் கல். எந்த இடத்தில் எடுத்தாள் என்று குறித்து, போட்டோவோடு தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

கவ்வாத்துமலை:
கானுக்கு மேலே மூன்றாவது நிரை என்கிறாள். விடிந்ததும் இரண்டு பேரும் போய்ப் பார்க்கிறோம் டீச்சர்.