பிடிவாதம் என்றுதான் நினைத்தோம்: உங்கள் வீட்டில் எப்படி?

பொங்கோல் அம்மா:
மகளுக்கு 16 வயதில் அனொரெக்ஸியா, அதாவது எடை ஏறிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் நோய் என்றார்கள். அதற்கு முன் ஒன்றரை வருஷம் நாங்கள் அதற்கு வைத்திருந்த பெயர் பிடிவாதம். தோசையை ஒரே அளவில் பதினாறு துண்டாக வெட்டுவாள். நீலக் கிண்ணத்தில்தான் சாப்பிடுவாள். ஒருநாள் அது உடைந்துபோக, தேக்காவில் அலைந்து அதே அளவில் இன்னொன்று வாங்கி வந்தேன். விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு கூடுதல், அவ்வளவுதான். கையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. "கொழுப்பு, வேறென்ன" என்றார் மாமியார். எலும்பும் தோலுமாக நின்ற பிள்ளையைப் பார்த்து!

மருத்துவமனையில் உளவியலாளர் ஒரு சீட்டுச் சோதனை வைத்தார். விஸ்கான்சின் சோதனை என்று பெயர், 1948லிருந்தே இருக்கிறதாம். நிறம், வடிவம், எண்ணிக்கை, இதில் எதை வைத்துச் சீட்டுகளைப் பிரிப்பது என்று சொல்லமாட்டார்கள். சரி, தவறு என்று மட்டும் சொல்வார்கள். தொடர்ந்து 10 தடவை சரியாக வைத்ததும் விதியைச் சத்தமில்லாமல் மாற்றிவிடுவார்கள். பஸ்ஸில் திரும்பும்போது மகள் சொன்னாள்: "விதி மாறிடுச்சுன்னு புரிஞ்சுதும்மா. ஆனா கை பழைய இடத்துக்கே போச்சு."

அந்த ஒரு வரிக்குப் பிறகு அவளிடம் வாதாடுவதைக் குறைத்தேன்.

பட்டினியே யோசனையை இறுக்கிவிடும், எடை ஏறினால் கொஞ்சம் இளகும் என்று விளக்கினார்கள். ஆனால் முழுக்கப் பட்டினியின் வேலையும் இல்லையாம். நோயே இல்லாத அக்கா தங்கைகளிடமும் இந்தச் சாயலைச் சில ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். (எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் பாத்திரம் கழுவுவதற்குக்கூட வரிசை வைத்திருப்பவர்கள். நான் உட்பட.)

சாப்பாட்டுச் சிகிச்சையோடு சின்னச் சின்னப் பயிற்சிகளும் கொடுத்தார்கள். லண்டனில் கேட் சான்டூரியாவும் அவருடைய குழுவும் வளர்த்தெடுத்த முறை. சாப்பாட்டுப் பேச்சே எடுக்கமாட்டார்கள். ஒரே படத்தில் இரண்டு உருவம் தேடுவது, வீட்டுக்கு வேறு வழியில் வருவது, இப்படி. முதல் நாள் வழக்கமான எல்ஆர்டி ரயிலை விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தவள் வாசலிலேயே அழுதாள். மூன்றாவது வாரம் சாப்பாட்டு மேசையில் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். எங்கே உட்கார்வது என்று தெரியாமல் நான்தான் நின்றேன்.

கிண்ணம் மட்டும் இன்னும் மாறவில்லை.

ஈசூன்காரன்:
எனக்கு ஓசிடி, வேண்டாத எண்ணம் விடாமல் வந்து ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நோய். வீட்டு இரும்புக் கேட்டை ஏழு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, லிஃப்ட் வரை போய், திரும்பி வருவேன். பூட்டியாயிற்று என்று தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்? 2016இல் எடுத்த மனநல ஆய்வுப்படி இங்கே சிங்கப்பூரில் 28 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது ஓசிடி வந்திருக்கிறது. உதவி தேடிப் போவதற்குள் சராசரியாக 11 வருஷம் ஓடிவிடுகிறது. நான் 9 வருஷத்தில் போய்விட்டேன், பரவாயில்லை.

ஒன்று சொல்ல வேண்டும் அக்கா. அந்தச் சீட்டுச் சோதனையை நானும் செய்தேன், நன்றாகவே வந்தது. நோயுள்ள எல்லாரும் அதில் தடுமாறுவார்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். படம் பார்க்கும் பயிற்சி எனக்குப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கேட்டை ஒரே தடவை பூட்டிவிட்டு, புளோக்குக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்து, படபடப்பு ஏறி ஏறித் தானாக இறங்கும் வரை மேலே போகாமல் இருந்தது, அதுதான் வேலை செய்தது. முதல் தடவை முக்கால் மணி நேரம். கோப்பி ஆறிப்போயிற்று.

பழைய சிராங்கூன்:
எங்கள் அம்மா கோலத்தில் ஒரு புள்ளி தப்பினால் முழுக்க அழித்துவிட்டுப் போடுவார். அதுவும் வியாதியா? இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் வைத்துவிடுகிறார்கள்.

ஈசூன்காரன்:
இல்லை அண்ணன். அம்மா கோலத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாகப் பசியாறப் போயிருப்பார். எனக்கு அந்தக் கேட் ஒரு நாளில் இரண்டு மணி நேரத்தைத் தின்றது. இரண்டு தடவை வேலை போயிற்று.

இரண்டும் உள்ளவள்:
எனக்கு 22 வயது. கை கழுவும் ஓசிடியும் இருந்தது, சாப்பாட்டுப் பிரச்சினையும் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி விதிதான், ஆனால் உள்ளே வேறு வேறு. கை கழுவுவதை வெறுத்தேன், யாராவது நிறுத்திவிட மாட்டார்களா என்று இருக்கும். சாப்பாட்டு விதிகள் மேல் எனக்குப் பெருமை. ஒரு தீபாவளிக்கு அத்தை கேட்காமல் தட்டில் முறுக்கு வைத்தார். கை அழுக்காயிற்றே என்று நினைக்கவில்லை, என்னுடைய எதையோ பிடுங்கிவிட்டார் என்றுதான் தோன்றியது. அதனால் அக்கா, உங்கள் மகள் கிண்ணத்தை விடவில்லை என்றால் அவசரப்படுத்த வேண்டாம். அது அவள் கணக்கில் நோய் இல்லை, அவள் சொத்து. எனக்கு அது நோய் என்று தெரியவே இரண்டு வருஷம் ஆயிற்று.

பொங்கோல் அம்மா:
இதை மகளிடம் படித்துக் காட்டினேன்மா. "அந்த அக்கா சரியாச் சொல்றாங்க" என்றாள், வேறு எதுவும் பேசவில்லை. சனிக்கிழமை என்னோடு தேக்காவுக்கு வருகிறாளாம். கிண்ணம் வாங்க இல்லை, வளையல் வாங்க. பஸ்ஸில் போகலாம் என்று அவளே சொன்னாள்.