உதவி: ஆங்கிலத்தில் கோலன் (:), செமிகோலன் (;) எங்கே போடுவது? தீசிஸில் பதினாறு சிவப்புச் சுழி

நெல்லிமரம்:
வணக்கம். தாவரவியலில் பிஎச்.டி. செய்கிறேன். தீசிஸின் இரண்டாம் அத்தியாயத்தைக் கைடு நேற்றுத் திருப்பித் தந்தார். ஆய்வில் ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் பதினாறு இடங்களில் சிவப்பு மையால் சுழித்திருக்கிறார். பெரும்பாலும் கோலன், செமிகோலன்தான். காரணம் எதுவும் எழுதவில்லை.

பள்ளியில் தமிழாசிரியர் சொன்ன கணக்கைத்தான் பின்பற்றினேன். காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு. வாய்விட்டுப் படித்து, நிறுத்தும் நேரத்துக்கு ஏற்பக் குறி போடுகிறேன். சுழித்தவற்றில் மூன்று இதோ:

அ) "தி சாம்பிள்ஸ் வேர் கலெக்டட் ஃப்ரம்: மதுரை, தேனி அண்டு திண்டுக்கல்."
ஆ) "தி லீவ்ஸ் டர்ன்ட் யெல்லோ, ஹவெவர், தி ரூட்ஸ் வேர் ஹெல்தி."
இ) "ஆல்தோ தி சாயில் வாஸ் டிரை; தி ஸீட்ஸ் ஜெர்மினேட்டட்."

எங்கே தவறுகிறேன்? வெள்ளிக்கிழமைக்குள் திருத்தித் தர வேண்டும்.

அச்சுக்கட்டை:
பல வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன். உங்கள் சிக்கலே அந்த மாத்திரைக் கணக்குதான். பழைய ஆங்கில இலக்கணங்களும் அப்படித்தான் சொல்லின. 1795-இல் வந்த லிண்ட்லி மரேயின் இலக்கணத்தில் செமிகோலனுக்குக் கமாவைப்போல் இரு மடங்கு நிறுத்தம், கோலனுக்கு அதைப்போல் இரு மடங்கு. இன்றைய ஆங்கிலத்தில் மூச்சை வைத்துக் குறி போடுவதில்லை. வாக்கியத்தின் கட்டமைப்பைப் பார்க்க வேண்டும்.

செமிகோலனுக்கு நம் இலக்கணமே கை கொடுக்கும். "மண் காய்ந்திருந்தது" என்பதில் வினைமுற்று இருக்கிறது, தனியாக நிற்கும். "மண் காய்ந்திருந்தாலும்" என்று சொல்லி நிறுத்தினால், கேட்பவர் "சரி, அப்புறம்?" என்பார். ஆங்கிலத்தில் "ஆல்தோ" செய்கிற வேலை இந்த "ஆலும்" செய்கிற வேலைதான். இரண்டு பக்கமும் தனியாக நிற்கிற, ஒன்றோடொன்று தொடர்புள்ள வாக்கியங்களாக இருந்தால்தான் நடுவில் செமிகோலன். அதனால் (இ)யில் கமா போதும்.

(ஆ)வில் இதற்கு நேர்மாறு. "யெல்லோ" வரை ஒரு முழு வாக்கியம், "தி ரூட்ஸ்" முதல் இன்னொன்று. வெறும் கமா இரண்டையும் தாங்காது. "ஹவெவர்" என்பது "பட்" போல இணைப்புச் சொல் அல்ல, நம் "ஆனாலும்" மாதிரி அடுத்த வாக்கியத்தின் தலையில் உட்காருவது. எனவே அதற்கு முன்னால் செமிகோலன், பின்னால் கமா: "டர்ன்ட் யெல்லோ; ஹவெவர், தி ரூட்ஸ் வேர் ஹெல்தி." "தேர்ஃபோர்" வந்தாலும் இதே கதை.

கோலனுக்கு இடப்பக்கம் மட்டும் முழுதாக இருந்தால் போதும். (அ)வில் அதுதான் இல்லை. "ஃப்ரம்" அந்தரத்தில் தொங்குகிறது. கோலனை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் "ஃப்ரம் த்ரீ டிஸ்ட்ரிக்ட்ஸ்: மதுரை, தேனி அண்டு திண்டுக்கல்" என்று எழுதுங்கள். "சச் ஆஸ்", "இன்க்ளூட்" இவற்றை அடுத்தும் கோலன் வராது.

கரும்பலகை:
ஐயா சொன்னதோடு இரண்டு விஷயம். நாம் பலரும் "டேபிள் :" என்று கோலனுக்கு முன்னால் ஓர் இடைவெளி விடுவோம், ":-" என்று கோடும் சேர்ப்போம். ஆங்கிலத்தில் இரண்டும் வேண்டாம், "டேபிள்:" என்று ஒட்டியே வரட்டும்.

அப்புறம், பட்டியலுக்குள்ளேயே கமா இருந்தால் உருப்படிகளைச் செமிகோலனால் பிரியுங்கள்: "மதுரை, இந்தியா; கண்டி, ஸ்ரீலங்கா; பினாங்கு, மலேசியா." கமா மட்டும் போட்டால் ஆறு ஊர் மாதிரி தெரியும். ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆய்வெழுத்து நடை) முறையில் ஒரே அடைப்புக்குள் பல ஆய்வுகளைக் காட்டும்போதும் நடுவில் செமிகோலன்தான்.

நெல்லிமரம்:
ரொம்ப நன்றி ஐயா. "அப்புறம்?" கேட்டுக்கொண்டே உட்கார்ந்தேன், பதினைந்து சரியாகிவிட்டன. ஒன்றில் மட்டும் குழப்பம்: "தி ரிசல்ட் வாஸ் கிளியர்; தி ஸீட்லிங்ஸ் நீடட் ஷேட்." இரண்டு பக்கமும் முழுதாகத்தானே இருக்கிறது?

அச்சுக்கட்டை:
இலக்கணப்படி பிழை இல்லை. ஆனால் "முடிவு தெளிவாக இருந்தது" என்றதும் படிப்பவர் "என்ன முடிவு?" என்று கேட்பார். நாற்றுக்கு நிழல் தேவைப்பட்டது என்பதுதான் அதற்குப் பதில். முன்னால் சொன்னதை அவிழ்த்துக் காட்டுகிற இடம் கோலனுக்கு உரியது. உங்கள் கைடு அதைத்தான் எதிர்பார்த்திருப்பார். கோலனுக்குப் பின்னால் முழு வாக்கியம் வந்தால் ஏ.பி.ஏ.யில் பெரிய எழுத்தில் தொடங்கும், பிரிட்டிஷ் வழக்கத்தில் சிறிய எழுத்து. உங்கள் பல்கலைக்கழகம் எதைக் கேட்கிறது என்று பார்த்து, தீசிஸ் முழுக்க அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

நெல்லிமரம்:
ஏ.பி.ஏ.தான். மாற்றிவிட்டேன். முதல் அத்தியாயத்தையும் இப்போதே எடுக்கிறேன், அதில் "ஹவெவர்" மட்டும் இருபத்திரண்டு இருக்கிறது.