டண்டாஸ் வரைக்கும் சைக்கிள்ல: எங்க வீட்டு வாட்ஸ்அப் குழு

புதன்கிழமை

சித்தப்பா (ரீடிங், இங்கிலாந்து), மாலை 7:12
சனிக்கிழமை மழை இல்லைன்னு போட்டிருக்கு. பிராட்ஃபோர்ட்-ஆன்-ஏவன்ல சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கிட்டு, கால்வாய் ஓரமாவே டண்டாஸ் நீர்ப்பாலம் வரைக்கும் போயிட்டுத் திரும்பலாம். போக ஏழெட்டு கிலோமீட்டர், வர அதே அளவு. யார் யார் வர்றீங்க?

அக்கா (பிரிஸ்டல்), 7:15
நானும் பையனும் வர்றோம் சித்தப்பா. இங்கிருந்து நேர் ரயில் இருக்கு.

நான், 7:16
நானும். அத்தையையும் கூட்டிட்டு வரட்டுமா? இப்ப என்கூட ஸ்விண்டன்லதான் இருக்காங்க.

அத்தை, 7:24
நீங்க சின்னஞ்சிறுசுங்க போயிட்டு வாங்கப்பா. நான் சைக்கிள் மிதிச்சு நாப்பது வருஷம் ஆச்சு. இதுல மவுண்டன் பைக்னு வேற இவன் சொல்றான். மலையெல்லாம் ஏற என்னால ஆகாது.

சித்தப்பா, 7:31
அக்கா, மலையே இல்லை. உன்னை நினைச்சுத்தான் இந்த இடத்தைப் பிடிச்சேன். பிராட்ஃபோர்ட்ல ஒரு லாக் இருக்கு. லாக்னா ரெண்டு பக்கமும் கதவு வச்ச தொட்டி, தண்ணியை ஏத்தி இறக்கிப் படகை ஒரு மட்டத்துல இருந்து இன்னொரு மட்டத்துக்குக் கொண்டுபோகும். அதைத் தாண்டினா பாத் ஊருக்குள்ள போற வரைக்கும் 9 மைலுக்கு லாக்கே கிடையாது. லாக் இல்லைன்னா தண்ணி ஒரே மட்டம். தண்ணி ஒரே மட்டம்னா அதை ஒட்டிப் போற பாதையும் மட்டம். மேடும் கிடையாது, இறக்கமும் கிடையாது.

அத்தை, 7:33
அப்ப மவுண்டன் பைக் எதுக்கு?

சித்தப்பா, 7:40
பாதை தார் ரோடு இல்லை. கல்பொடி போட்டு இறுக்கியது, நடுநடுவுல மண்ணு, மரத்து வேரு, பாலத்துக்கடியில ஈரம். ஒல்லி டயர் போட்ட சைக்கிள்னா கை நடுங்கும். மவுண்டன் பைக்குக்கு டயர் அகலம், ஹேண்டில் உயரம், நிமிர்ந்து உக்காந்துக்கலாம். டயர்ல காத்தைக் கொஞ்சம் குறைச்சுவிட்டா மெத்தை மாதிரி போகும்.

எனக்குச் சர்க்கரை வந்தப்ப டாக்டர் தினம் நடக்கச் சொன்னார். முழங்கால் விடலை. அப்பதான் இங்க வீட்டுக்குப் பக்கத்துல கென்னட் ஆத்தோரமா மெதுவா மிதிக்க ஆரம்பிச்சேன். மூணு வருஷம் ஆச்சு. முழங்கால் வலி பெரும்பாலும் போயிடுச்சு. அதனாலதான் உன்னை இவ்வளவு தூரம் கூப்பிடறேன்.

பெரியப்பா (மதுரை), 7:52
9 மைல் ஒரே மட்டமா? நான் பொதுப்பணித்துறையில முப்பது வருஷம் கால்வாயோடயே கிடந்தவன். நம்ம கால்வாய்க்கு வாட்டம் இல்லாம முடியாது. வாட்டம் இருந்தாத்தான் தண்ணி கடைமடைக்குப் போகும்.

சித்தப்பா, 8:05
அண்ணே, அங்கதான் வித்தியாசமே. நம்மது பாசனக் கால்வாய், தண்ணி ஓடணும். இது படகுக் கால்வாய், தண்ணி நிக்கணும். கென்னட் அண்டு ஏவன் கால்வாய்னு பேரு. ஜான் ரென்னிங்கிற இன்ஜினியர் கட்டினது. 1794ல சட்டம் வந்துச்சு, 1810ல முழுசா திறந்தாங்க. ஏவன் பள்ளத்தாக்குல மலைச்சரிவை ஒட்டி, ஒரே உயரத்துல வளைஞ்சு வளைஞ்சு கொண்டுபோயிருக்கார். ஆறு கீழ ஓடுது, கால்வாய் மேல நிக்குது.

பெரியப்பா, 8:09
நிக்கிற தண்ணிக்குச் சேதாரம் எப்படி ஈடு பண்றாங்க? ஒவ்வொரு தடவை லாக் திறக்கும்போதும் தண்ணி கீழ போயிடுமே.

சித்தப்பா, 8:18
போகும்ணே. இந்த அகலமான லாக்ல ஒரு தடவைக்கு ரெண்டு லட்சம் லிட்டர் போல இறங்கும். அதுக்காகவே கிளேவர்டன்ல ஒரு பம்ப் வச்சாங்க, 1813ல. அந்தக் காலத்துல ஏவன் ஆத்துத் தண்ணி நீர்ச்சக்கரத்தைச் சுத்துச்சு, அந்தச் சக்கரத்தோட வேகத்துலயே ஆத்துத் தண்ணி 48 அடி மேல ஏறிக் கால்வாய்ல விழுந்துச்சு. கரியும் இல்லை, நெருப்பும் இல்லை. ஆறே தன்னைத் தூக்கி மேல விட்டுச்சு.

பெரியப்பா, 8:20
அருமை. அருமை. படம் எடுத்து அனுப்பு.

சித்தப்பா, 8:22
அது டண்டாஸைத் தாண்டி இருக்குண்ணே. சனிக்கிழமை அவ்வளவு தூரம் போகலை. ஆனா டண்டாஸ் நீர்ப்பாலத்தைக் கண்டிப்பா அனுப்பறேன். ஆத்துக்கும் ரயில் பாதைக்கும் மேல கால்வாய் போகுது. 1805ல முடிச்சது.

பெரியப்பா, 8:24
நம்ம மாத்தூர் தொட்டிப்பாலம் மாதிரியா?

சித்தப்பா, 8:25
அவ்வளவு உயரம் இல்லைண்ணே. ஆனா இதுல படகே போகும்.

அத்தை, 8:41
தண்ணிக்குள்ள விழுந்துட்டா?

சித்தப்பா, 8:47
கால்வாய் பெரும்பாலும் இடுப்பு, மார்பு ஆழம்தான். எழுந்து நின்னுக்கலாம். லாக்தான் ஆழம், அதுகிட்ட இறங்கித் தள்ளிட்டுப் போவோம். பாலத்துக்கடியிலயும் இறங்கிடுவோம், அங்க பாதை ஒரு ஆள் அகலம்தான், எதிர்ல வர்றவங்க தெரியமாட்டாங்க. நான் தண்ணிப் பக்கமா வர்றேன், நீ வேலிப் பக்கமா வா.

அத்தை, 8:58
சரி, யோசிக்கிறேன்.

அக்கா, 8:59
அத்தை யோசிக்கிறேன்னு சொன்னா வர்றாங்கன்னு அர்த்தம் ❤️

வெள்ளிக்கிழமை

சித்தப்பா, மாலை 6:30
நான் ரீடிங்ல ஏறுறேன், நீங்க ரெண்டு பேரும் அதே ரயில்ல ஸ்விண்டன்ல ஏறுங்க. பாத்ல மாறணும். அங்கிருந்து பிராட்ஃபோர்ட் கால் மணி நேரம். சைக்கிள் அங்கயே எடுக்கறதால ரயில்ல சைக்கிளுக்கு இடம் பதிவு பண்ற வேலை இல்லை.

ஒண்ணு கேட்டுக்கோங்க. போன வருஷம் வேறொரு ஊர்ல வாடகைக்கு எடுத்த வண்டியில பின் பிரேக் பிடிக்கவே இல்லை. பாதி வழியிலதான் தெரிஞ்சது. அதனால நாளைக்குக் கடை வாசல்லயே ரெண்டு பிரேக்கும் அழுத்திப் பாருங்க, சீட்டு உயரம் பாருங்க, மணி அடிக்குதான்னு பாருங்க. அவசரம் வேண்டாம்.

அப்புறம் பாதையில நடக்கிறவங்களுக்குத்தான் முதல் உரிமை. தூரத்துலயே ரெண்டு தடவை மணி அடிக்கணும், அவங்க ஒதுங்கின பிறகு மெதுவா தாண்டணும், நன்றி சொல்லணும். தூண்டில் போடறவங்க கம்பு ரொம்ப நீளம், பின்னாடி பாதைக்குக் குறுக்கே கிடக்கும். நின்னா அவங்களே இழுத்துக்குவாங்க. படகுகள் அவங்க வீடு. ஜன்னலுக்குள்ள எட்டிப் பார்க்கக் கூடாது. இதை உன் பையனுக்கும் சொல்லிடும்மா.

அக்கா, 6:44
சொல்லிட்டேன் சித்தப்பா. தயிர் சாதமும் உருளைக்கிழங்கு பொரியலும் நான் கொண்டு வர்றேன்.

சித்தப்பா, 6:46
சோப்புத் தண்ணியும் ஒரு பாட்டில்ல எடுத்துக்கோ. கால்வாய்த் தண்ணி பட்ட கையோட சாப்பிடக் கூடாது, எலிக்காய்ச்சல் வரும்.

சனிக்கிழமை

நான், காலை 10:48
[புகைப்படம்]
அத்தை வண்டியில ஏறிட்டாங்க! கடைக்காரர் சீட்டை அடி வரைக்கும் இறக்கிக் கொடுத்தார். முதல் நூறு அடி நான் கூடவே ஓடினேன். அப்புறம் விட்டுட்டேன், அத்தைக்குத் தெரியாது.

அத்தை, 10:49
தெரியும்டா.

பெரியப்பா, 10:55
பத்திரம்மா. மெதுவா போ.

அக்கா, பகல் 11:37
[புகைப்படம்]
ஏவன்கிளிஃப். இங்கயும் ஒரு நீர்ப்பாலம். நடு வளைவு தொய்ஞ்சு போயிருக்கு பாருங்க பெரியப்பா. பாதை இங்க கரை மாறுது. பாலத்துக்கடியில இறங்கி அந்தப் பக்கம் ஏறணும். வழியில இருக்கிற ஒரே ஏற்றம் இதுதான், எல்லாரும் தள்ளிட்டே வந்தோம்.

பெரியப்பா, 11:41
வளைவு தொய்வு நல்லாவே தெரியுது. ஆனாலும் நிக்குதே! தண்ணி ஒழுகலையா?

சித்தப்பா, 11:50
முன்னாடி இந்தப் பகுதியில ரொம்ப ஒழுகிச்சுண்ணே. களிமண்ணைக் குழைச்சு மிதிச்சுத்தான் கால்வாய்க்கு அடித்தளம் போட்டிருந்தாங்க, கீழ இருக்கிற பாறையில விரிசல். இங்கயிருந்து டண்டாஸ் வரைக்கும் கால்வாய் பல வருஷம் வறண்டே கிடந்தது. பிற்பாடு கான்கிரீட் போட்டுத்தான் திரும்பத் தண்ணி விட்டாங்க. ஊர்க்காரங்க தன்னார்வமா மண்ணு வாரி, காசு திரட்டி மீட்ட கால்வாய் இது. 1990ல எலிசபெத் ராணியே வந்து மறுபடி திறந்து வச்சாங்க. அவங்க விட்டிருந்தா இன்னைக்கு நாம மிதிக்கிற பாதையும் முள்ளு மண்டிப் போயிருக்கும்.

நான், 12:20
பஞ்சர். அக்கா வண்டி, பின் டயர். வேலிச் செடியை வெட்டிவிட்டிருக்காங்க, அதுல ஒரு முள்ளு. டயரை உள்பக்கம் விரலால மெதுவா தடவித்தான் கண்டுபிடிச்சோம், அரை அங்குலம் இருக்கும், கருவேல முள்ளு மாதிரி அப்படியே நிக்குது. அதை எடுக்காம புது டியூப் போட்டிருந்தா அதுவும் போயிருக்கும்.

அக்கா, 12:24
பையன் காஞ்சொறியில காலை வச்சுட்டான் 😟 பக்கத்துப் படகுல இருந்த பாட்டி இறங்கி வந்து, டாக்குனு ஒரு அகல இலையைப் பறிச்சுத் தேய்ச்சு விட்டாங்க. அழுகை நின்னுடுச்சு. படகுக்கு மேல விறகு அடுக்கி, கீரைத்தொட்டி வச்சு, அவ்வளவு அழகா வச்சிருக்காங்க.

சித்தப்பா, பிற்பகல் 1:32
[புகைப்படம்] [புகைப்படம்] [புகைப்படம்]
டண்டாஸ் வந்தாச்சு. அண்ணே, மூணாவது படத்துல கீழ ரயில் போகுது பாருங்க. அதுக்குப் பக்கத்துல ஆறு. மேல கால்வாய்ல படகு. அதுக்குப் பக்கத்துல உங்க தங்கச்சி.

பெரியப்பா, 1:35
கண்ணு நிறைஞ்சு போச்சுப்பா. கல்லு என்ன கல்லு?

சித்தப்பா, 1:37
பாத் கல்லு. தேன் நிறம். வெயில் பட்டா இன்னும் நல்லா இருக்கும்.

அத்தை, இரவு 8:15
வீட்டுக்கு வந்தாச்சு. தொடை வலிக்குது, வெந்நீர்ல குளிச்சேன். ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். திரும்பி வர்ற வழியில ஒரு பாலத்துக்கடியில இறங்கித் தள்ளிட்டு வந்தேன். மூலைக்கல்லுல வரி வரியா பள்ளம். கையை வச்சுப் பார்த்தா விரல் அப்படியே உள்ள போகுது, வழவழன்னு இருக்கு. என்னன்னு கேட்டேன். அந்தக் காலத்துல படகைக் குதிரை இழுத்துக்கிட்டு இந்தப் பாதையிலதான் நடக்குமாம், அந்தக் கயிறு உரசி உரசி வந்த தடமாம். நம்ம பழைய வீட்டுக் கிணத்தடிக் கல்லு எனக்கு ஞாபகம் வந்துடுச்சு அண்ணே. அம்மா தண்ணி இறைச்சு இறைச்சுக் கயிறு தேய்ச்ச இடம். அதே வழவழப்பு.

பெரியப்பா, 8:21
அந்தக் கல்லு இன்னும் கொல்லையில கிடக்கும்மா. நான்தான் எடுத்துப் போட வேண்டாம்னு சொல்லி வச்சிருக்கேன். நாளைக்குக் காலையில படம் எடுத்து அனுப்பறேன்.

அத்தை, 8:23
அனுப்புங்கண்ணே.

சித்தப்பா, 8:40
அக்கா, ஐப்பசி வந்துட்டா பாதை சேறாயிடும். அதுக்குள்ள டிவைசஸ் போயிடலாம். அங்க கேன் ஹில்னு ஒரே சரிவுல 29 லாக், அதுல 16 நேர்வரிசையா நிக்குது. படகு ஏற அஞ்சாறு மணி நேரம் ஆகும். நாம மேல இருந்து ஆரம்பிச்சா கீழ வரைக்கும் இறக்கம். ஏறி வரும்போது தள்ளிக்கலாம்.

அத்தை, 8:52
இன்னைக்கு நான் ஓட்டின அந்த நீல வண்டி மாதிரி ஒண்ணு பழசா விலைக்குக் கிடைக்குமான்னு பாரு. சீட்டு மட்டும் இன்னும் ரெண்டு விரக்கடை இறங்கணும்.