பேட்டை ஐடிஐ ஃபிட்டர், விசிட் விசாவில் துபாய் போகலாமா?

வள்ளியூர் ஃபிட்டர்:
வணக்கம் அண்ணாச்சி. பேட்டை ஐடிஐயில் ஃபிட்டர் முடித்துவிட்டு கூடங்குளத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் பைப் வேலை பார்க்கிறேன், ஆர்க், டிக் என்று இரண்டு வகை வெல்டிங்கும் அடிப்பேன். ஒரு ஏஜென்ட் 1,20,000 கேட்கிறார், விசிட் விசாவில் துபாயில் இறங்கினால் அங்கேயே கம்பெனி விசா மாற்றித் தருவார்களாம். அம்மா நகையை அடகு வைக்கலாம் என்கிறாள். கூடப் படித்தவன் ஜெர்மனி என்கிறான், நமக்கு அது நடக்குமா?

ஜுபைல் வெல்டர்:
தம்பி, நகையை வைக்காதே. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்க வேண்டிய சேவைக் கட்டணமே அதிகபட்சம் 30,000, அதற்கு ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. அவருடைய பதிவு எண்ணைக் கேள், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான மத்திய அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் போட்டுப் பார். நீ பத்தாவது பாஸ், அதனால் பாஸ்போர்ட்டில் இசிஆர், அதாவது குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு, இருக்காது, ஏர்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதியும் கேட்க மாட்டார்கள், உன்னை மாதிரிப் பையன்களை விசிட் விசாவில் ஏற்றிவிடுவது இவர்களுக்குச் சுலபமாகிவிடுகிறது. விசிட் விசாவில் வேலை பார்ப்பது அங்கே சட்டவிரோதம், சம்பளம் தராவிட்டால் புகார் கொடுக்கப் போன இடத்தில் நீயே மாட்டுவாய். சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, முதலில் அங்கே பெயரைப் பதி.

அப்புறம் 6ஜி என்கிற பைப் வெல்டிங் டெஸ்டுக்குக் கையைத் தயார் பண்ணு. 45 டிகிரி சாய்ந்த பைப் அசையாது, நாம்தான் சுற்றி வந்து அடிக்க வேண்டும், அடிப்பக்கம் ரூட், அதாவது முதல் வெல்டிங் அடுக்கு, சரியாக இறங்கவில்லை என்றால் எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். அது பாஸ் என்றால் வளைகுடாவில் சம்பளப் பேச்சே வேறு.

ஸ்டுட்கார்ட் எலக்ட்ரீஷியன்:
ஜெர்மனி நடக்கும் தம்பி. உன் ஃபிட்டர் படிப்பு இரண்டு வருடம், அதுதான் உனக்குப் பலம். ஜெர்மனிக்குப் போய் வேலை தேட 2024 ஜூனில் வந்த சான்சென்கார்ட்டே என்ற அனுமதிக்கு அரசு அங்கீகரித்த தொழிற்படிப்பு குறைந்தது இரண்டு வருடம் வேண்டும், ஒரு வருட வெல்டர் படிப்பு மட்டும் வைத்திருப்பவர்கள் இங்கேதான் தடுக்கி நிற்கிறார்கள். ஆனால் அதற்கு ஒரு வருடச் செலவுக்கு 12,000 யூரோவுக்கு மேல் கையிருப்பு காட்ட வேண்டும். அதற்காகக் கடன் வாங்காதே. சான்றிதழை, வெளிநாட்டுத் தொழிற்படிப்பை மதிப்பிடும் ஜெர்மன் அமைப்பான ஐஎச்கே ஃபோசா மூலம் மதிப்பிட்டு, வேலை ஒப்பந்தத்தோடு வருவதுதான் நல்லது. சான்சென்கார்ட்டேக்கு ஜெர்மன் மொழியில் ஆரம்ப நிலையான ஏ1 போதும் என்று விதி சொல்லும், ஒர்க்ஷாப்பில் அது பத்தாது, நடுநிலையான பி1 வரை படி.

வள்ளியூர் ஃபிட்டர்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. பதிவு எண் கேட்டதும் ஏஜென்ட் பேச்சை மாற்றிவிட்டார், அவரை விட்டுவிட்டேன். ஷிப்ட் முடிந்து வீடு வர எட்டு மணி ஆகிறது, ஜெர்மன் எப்படிப் படிப்பது?

ஸ்டுட்கார்ட் எலக்ட்ரீஷியன்:
ராத்திரி ஆன்லைன் வகுப்பில் சேர். பரீட்சையைச் சென்னையில் இருக்கும் ஜெர்மன் மொழி, பண்பாட்டு மையமான மேக்ஸ் முல்லர் பவனில் எழுதலாம். கான்ட்ராக்டரிடம் அனுபவக் கடிதத்தை இப்போதே வாங்கிவிடு, எந்த அளவு பைப், என்ன வேலை என்று விவரமாக எழுதச் சொல்.